அந்தக் கை என்னுடையது

இந்த ஊரில் என்னை வண்டியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். டான்சானியாவின் நடுப்பகுதியில், டோடோமாவிலிருந்து மேற்கே போகும் செம்மண் ரோட்டில், எங்கள் போர்வெல் ரிக் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் 'மிஸ்டர் மகிழினி வந்துவிட்டார்' என்று கூட்டம் சேர்ந்துவிடும். மகிழினி எங்கள் முதலாளியின் மகள். திருச்செங்கோட்டில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ரிக் வண்டியின் கதவில் மகள் பெயரை இங்கிலீஷில் பெரிதாக எழுதி வைப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அந்த எழுத்தைப் பார்த்தவர்கள் வண்டியோடு வந்த ஆளின் பெயர் அதுதான் என்று முடிவு செய்துகொண்டார்கள். நாற்பத்தாறு வயது, நரைத்த மீசை, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பெயர். முதல் மாதம் திருத்திப் பார்த்தேன். என் பெயர் குப்புசாமி என்றேன். எங்களோடு வேலை செய்யும் ஜுமா அதை இரண்டு தடவை வாயில் போட்டு உருட்டிப் பார்த்துவிட்டு, "மகிழினிதான் நன்றாக இருக்கிறது" என்றார். விட்டுவிட்டேன். முப்பது வருடமாக ரிக்கில் ஓடுகிறேன், அதுவரை என் பெயரை யாரும் எந்தக் கதவிலும் எழுதியதில்லை.

புதுச்சத்திரத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். எட்டாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டது. பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், வகுப்பே சிரிக்கும். பதினாறு வயதில் ரிக் வண்டி ஏறினேன். ஆந்திரா, ராஜஸ்தான், ஒடிசா, எங்கே தண்ணீர் இல்லையோ அங்கெல்லாம் போனேன். ஒரு இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஒடிசாவில் துளைக்குள் இறக்குகிற இரும்புக் குழாயான ராடை மாட்டும்போது இடது ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கிப் போனது. துணியைச் சுற்றிக்கொண்டு அந்தப் போரை முடித்தேன். வேறு வழி இல்லை, மெஷினை ஓட்ட மாற்று டிரில்லர் வர இரண்டு நாளாகும். இத்தனை வருடத்தில் நான் கற்றது ஒன்றே ஒன்று: கல் தூளைப் படிப்பது. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் மேலே வருகிற தூளை வரிசையாகக் குவித்து வைப்போம். அதை உள்ளங்கையில் எடுத்து இறுக்கிப் பிடித்து விரித்தால், அது உதிர்கிற விதத்தையும் நிறத்தையும் வைத்துக் கீழே பாறையில் கேப், அதாவது வெடிப்பு, இருக்கிறதா, தண்ணீர் வருமா, இல்லை நிறுத்திவிட வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். எங்கே நிறுத்துவது என்று சொல்வதுதான் கஷ்டம். அடிக்கணக்கில் காசு வாங்குகிற ரிக்காரருக்கு அது பிடிக்காது, ஆசையில் நிற்கிற விவசாயிக்கும் பிடிக்காது.

முழங்கால் தேய ஆரம்பித்ததும் எனக்கு ஊர் நினைப்பு வந்தது. திரும்பிப் போய், எங்கே நிறுத்துவது என்று சொல்கிற ஆளாக நாமக்கல் பக்கம் உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் முப்பது வருடம் வெளியூரில் திரிந்தவனை ஊரில் யாருக்குத் தெரியும்? இதை போனில் புலம்பியபோது வழி சொன்னவன் கதிர், என் மனைவி சுமதியின் தம்பி. திருச்செங்கோட்டில் செல்போன் கடையில் இருந்தான். "மாமா, இப்பல்லாம் ஆளு வாரதுக்கு முன்னால பேரு வரோணும். நீங்க தூளைப் பத்திப் பேசி வீடியோ அனுப்புங்க, பேஜ் நான் பாத்துக்கறேன். ரெண்டு வருசங்கழிச்சு நீங்க வந்து எறங்கையில ஊரே உங்களத் தேடும்" என்றான். எனக்கு அது புரிந்தது. கதவில் எழுத வேண்டிய பெயரைப் போனில் எழுதுவது.

புரிந்தாலும் பேச வரவில்லை. போனை ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்து முன்னால் நின்றால், பழைய வகுப்பறை வந்து உட்கார்ந்துகொள்ளும். பதினான்கு தடவை எடுத்து பதினான்கையும் அழித்தேன். கம்ப்ரசர் ஓடும்போது எடுத்தால் தைரியமாக இருந்தது, நான் பேசுவது எனக்கே கேட்காது. பிறகு போட்டுப் பார்த்தால் யாருக்கும்தான் கேட்கவில்லை. தூளைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகப் பேசுகிற என்னை இங்கே ம்கங்கா என்று நினைத்துவிட்டார்கள், அதாவது மருந்தும் மந்திரமும் தெரிந்த வைத்தியர். ஒரு பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். நான் டிரில்லர் என்று எனக்குத் தெரிந்த நாலு ஸ்வாஹிலிச் சொல்லில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு இடுப்பைத் திருப்பிக் காட்டினார். கடைசியில் எங்களிடம் இருந்த வலித் தைலத்தைத் தேய்த்து அனுப்பினேன். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள்.

முதல் வீடியோ எப்படியோ போனது. அதன் கீழே யாரோ 'மொதல்ல தமிழ் ஒழுங்கா பேசுயா' என்று எழுதியிருந்தான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எடுத்துவிடு, எடுத்துவிடு என்று கதிருக்கு ஐந்து தடவை போன் செய்தேன். "மூஞ்சி வேண்டாம் மாமா, கை மட்டும் வரட்டும்" என்றான். அப்பாடா என்றிருந்தது. பிறகு கம்ப்ரசர் சத்தத்தில் குரல் தெளிவாக இல்லை, நீங்கள் சொல்வதையே நான் பேசிப் போடுகிறேன் என்றான். அதற்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. பேஜுக்கு என் பெயரைப் போடவா என்று ஒருமுறை கேட்டான். பெரிதாக ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நாளில் "ஒரு அறிமுகத்துக்கு மட்டும்" என்று வெள்ளைச் சட்டையில் அவன் முகத்தோடு ஒரு வீடியோ வந்தது. முதலில் அவன் நின்று பேசுகிறான், அடுத்து என் கை தூளை அமுக்குகிறது, மறுபடி அவன். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். எல்லா வீடியோவிலும் இடது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றான். இப்போதைய ஸ்டைல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் லீவில் ஊருக்குப் போனேன். ஒருநாள் காலை டூவீலரில் புதுச்சத்திரம் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்புக்குள் கம்ப்ரசர் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைத் தாண்டிப் போக எனக்கு வராது. வண்டியைத் திருப்பி உள்ளே போனேன். எண்ணூறு அடி தாண்டியிருந்தது, புகையாகத் தூள் பறந்தது. தோட்டக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏனுங்க, ரிக் ஆபீசு ஆளுங்களா?" என்றார். "இல்லீங்க, பக்கத்தூருதான். நானும் டிரில்லருங்க, சத்தங்கேட்டு வந்தேன்" என்றேன். கடைசிக் குவியலில் ஒரு கை எடுத்து அமுக்கி விரித்தேன். "இதோட நிறுத்தீருங்க. மூணு ராடா ஒரே நெறம். கீழ கேப்பு இல்லீங்க, வெறும் கருங்கல்லு" என்றேன்.

அவர் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "அடேங்கப்பா! அப்படியே கதிர் சாரு மாதிரியே பண்றீங்களே. வீடியோ நெறைய பாப்பீங்களாட்ட இருக்குது."

மெஷினில் நின்ற டிரில்லர், "ஊருக்கு ஒரு கதிர் சாரு கெளம்பீட்டாங்க" என்று கத்தினான்.

"அவரு என்னங்க சொன்னாரு?" என்று கேட்டேன்.

"காத்தாலயே போட்டோ அனுப்பிச்சுக் கேட்டுட்டனுங்க. இன்னும் பத்து ராடு எறக்குங்க, தண்ணி உறுதின்னுட்டாரு."

டீ ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி என் கையில் டம்ளரைக் கொடுக்கும்போது நின்றுவிட்டார். "இங்க பாருங்க, இவுருக்கும் அந்த வெரலு மொட்டையா இருக்குது. அவுரு மாதிரியே!"

தோட்டக்காரர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, காப்பியடிக்கறதுன்னாலும் வெரலையுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் கதிரின் பாக்கெட் கை எனக்கு விளங்கியது. அவனுக்கு ஐந்து விரலும் முழுசாக இருக்கிறது. அது வெளியே தெரியக் கூடாது.

அது என் கைதானுங்க என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது, பாடப்புத்தகத்தின் முன்னால் ஒட்டியதைப் போலவே. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பக்கம் போனபோது ரிக் கிளம்பிப் போயிருந்தது. தென்னை மட்டைகளில் தூள் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. கடைசி வரை புகைதான் வந்தது, தண்ணீர் வரவில்லை என்று பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார்.

அங்கிருந்து நேராகத் திருச்செங்கோடு போனேன். கதிர் கடையை விட்டுவிட்டுத் தனி ஆபீஸ் போட்டிருந்தான், வாசலில் 'நிலத்தடி நீர் ஆலோசகர்' என்று போர்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், மரியாதையில் குறைவில்லை. "வாங்க மாமா, டீ சொல்லட்டுங்களா?" என்றான்.

"கையை வெளிய எடு மாப்ள" என்றேன்.

"என்னங்க மாமா?"

"எடது கை."

எடுத்தான். ஒரு காயம், ஒரு தழும்பு கிடையாது, மோதிரம் போட்டிருந்தான். எதற்கு அந்தத் தோட்டத்தில் பத்து ராடு இறக்கச் சொன்னாய் என்று கேட்டேன். "நிறுத்துங்கன்னு சொன்னா எந்த ரிக்காரன் மாமா அடுத்த தடவ என்னைக் கூப்புடுவான்?" என்றான். அப்படியானால் வீடியோவிலிருந்து என் கையை எடுத்துவிடு, உன் கையைப் போட்டுக்கொள் என்றேன். அவன் கையை மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீங்கதானுங்க எடுத்துரு எடுத்துருன்னு அழுதீங்க. பேரு போடட்டுங்களான்னு கேட்டேன், அப்பறம் பாக்கலாமுன்னீங்க. பயந்துக்கிட்டுப் போட்டுட்டுப் போனத நான் எடுத்து வளத்துனேன். இப்ப வந்து கேட்டா எப்படிங்க?"

அவன் பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் சொன்னேன். அவள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "தெரியுங்க" என்றாள். எப்போதிருந்து என்றேன். "மொத வீடியோவுல இருந்தே. உங்க வெரலு எனக்குத் தெரியாதா? அவனுக்கு இப்பத்தான் பொண்ணு பேசிட்டிருக்கறாங்க. ஊருக்குள்ள இப்பத்தான் நாலு பேரு மதிக்கறாங்க. நீங்க எப்படியும் அடுத்த மாசம் கெளம்பீருவீங்க. இங்க இருக்கறவன் பேரு கெட்டா யாருங்க பாக்கறது?" கதிரிடம் இருந்து வந்ததைவிட இது ஆழமாக இறங்கியது. நான் இல்லாத வீட்டில் நான் இல்லாமலே எல்லாம் சரியாக நடக்கும்படி அவர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். அதில் என் கைக்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை. லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்கு டூவீலரில் கொண்டுவந்து விட்டவன் கதிர்தான்.

டான்சானியாவுக்குத் திரும்பி வந்த முதல் வாரம், பட்டப்பகலில், கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜுமாவிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். முகத்துக்குப் பக்கத்தில் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். "என் பேரு குப்புசாமிங்க. புதுச்சத்திரம் பக்கம். இது என்னோட கைங்க" என்று ஆரம்பித்தேன். ஒரே தடவையில் எடுத்தது, நடுவில் இரண்டு இடத்தில் திக்கியது, அப்படியே போட்டேன். பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. எதற்காகப் பயந்தேனோ அது ஏற்கனவே நடந்து முடிந்திருந்தது, அதனால் இருக்கலாம். ரிக்கோடும் லாரியோடும் எங்கெங்கோ கிடக்கிற நம் ஆட்களில் நிறையப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தொழில் தெரியும். பதிவு போடக் கூச்சப்படுகிறவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டே போடுங்கள். உங்கள் பயத்தை இன்னொருவர் கையில் கொடுத்து வைக்காதீர்கள், அவர் அதோடு சேர்த்து மற்றதையும் வைத்துக்கொள்வார்.

அந்த வீடியோவை இருநூறு பேர் பார்த்திருப்பார்கள். கீழே நான்கு பேர் எழுதியிருந்தார்கள். கதிர் சாரைக் காப்பியடிக்காதே என்று மூன்று பேர். 'லைக்குக்காக விரலையே வெட்டிக்கிட்டான் பாருங்கடா' என்று ஒருவன். சுமதி பார்த்துவிட்டாள் என்பது தெரிந்தது, ஒன்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகும் வாரம் ஒன்று போடுகிறேன். கதிரும் போடுகிறான், இப்போதும் பாக்கெட்டில் கையோடு. என்னிடம் வாங்கின பழைய தூள் வீடியோக்களையே மாற்றி மாற்றி ஓட்டுகிறான். ஊருக்குத் திரும்பினால் நான் என்னையே பார்த்துக் காப்பியடிக்கிறவனாகத்தான் இறங்க வேண்டும். டிக்கெட் போடவில்லை.

போன வாரம் ஒரு கிராமத்தில் நல்ல தண்ணீர் கிடைத்தது. அடி பம்பு நிறுத்தி, சுற்றிலும் சிமெண்ட் மேடை போட்டார்கள். இங்கே ஒரு பழக்கம் உண்டு, மேடை இறுகிய பிறகு ஓரத்தில் பூசுகிற கடைசிச் சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே குச்சியால் தேதியையும் தோண்டியவர் பெயரையும் எழுதிவிடுவார்கள். தண்ணீர்க் கமிட்டியின் தலைவியான மாமா நீமா குச்சியோடு குனிந்தார். மாமா என்றால் இங்கே அம்மா. பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார். குப்புசாமி என்று மூன்று முறை நிறுத்திச் சொன்னேன். கவனமாகக் கேட்டார், தலையாட்டினார். பிறகு வண்டியின் கதவைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக மகிழினி என்று எழுதி முடித்து, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். மற்ற பெண்கள் கைதட்டினார்கள். நான் மண்டியிட்டு, அந்தப் பெயருக்குக் கீழே ஈரச் சிமெண்டில் என் இடது கையை விரித்து அழுத்தினேன். நான்கு விரல் முழுசாகவும் ஒன்று குட்டையாகவும் பதிந்தது. அதற்குள் வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்த பெண் பம்பை அடிக்க ஆரம்பித்திருந்தாள். குடம் நிரம்பி வழிந்த தண்ணீர் மேடையில் ஓடி வந்து, முதலில் அந்தக் குட்டை விரலின் பள்ளத்தில் தேங்கியது.