நாயிஃபுக்கு விற்ற நிலம்

என் தங்கை புருஷன் நாயிஃபைப் போல ஒரு நல்ல மனிதனைப் பார்க்க முடியாது. அதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான்.

நாயிஃப் பம்பு மெக்கானிக். கலிலேயாவில் எங்கள் ஊரிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் யூதர்களின் விவசாயக் குடியிருப்பில் இருபத்திரண்டு வருட வேலை. அங்கே இன்றைக்கு மாதுளைத் தோப்பு நிற்கிற இடம்தான் அவன் வாப்பா ஷுக்ரி பிறந்த ஊர். ஐன் சர்வா என்று பேர். இஸ்ரேல் உருவான நாற்பத்தெட்டுச் சண்டையில் எல்லாரையும் கிளப்பிவிட்டு வீடுகளையும் இடித்துவிட்டார்கள். தோப்பின் மேற்கு மூலையில், வேலிக்குள்ளே, ஊராரைப் புதைத்த ஏழெட்டுக் கபர்கள் மட்டும் மிச்சம். ஒன்று ஷுக்ரியின் வாப்பாவுடையது. மகன் வேலை முடிந்து வந்ததும் கிழவர் தினமும் கேட்பார், "மேக்கு மூலைக்குத் தண்ணி விட்டியா?" கபரைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

யூதர்களின் வேதப்படி ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு. உழக்கூடாது, விதைக்கக்கூடாது, விளைந்ததை விற்கக்கூடாது. அப்படியே விட்டால் குடியிருப்பு தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். யூதரல்லாத ஒருவருக்கு நிலத்தை விற்றுவிடுவார்கள். வருடம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வாங்குகிறவர் ஒரே இறைவனை வணங்குபவராக இருந்தால் நல்லது. இந்த நாட்டில் ஏற்கெனவே நிலம் உள்ளவராக இருந்தால் இன்னும் நல்லது.

போன ஏழாம் வருடத்துக்கு முன்னால், குடியிருப்பின் மதகுரு ரப்பி ஹிஸ்கியா பம்பு அறைக்கே வந்தாராம். மொராக்கோவிலிருந்து வந்த குடும்பம். எங்கள் அரபு பாஷையை எங்களைவிட நன்றாகப் பேசுவார்.

"நாயிஃப், உனக்குச் சொந்த நிலம் இருக்கா?"

"இருந்துச்சு ரப்பி. அதுலதான் உங்க மாதுளை நிக்குது."

"இப்ப இருக்கான்னு கேட்டேன்."

"வீட்டுக்குப் பின்னால நாலு ஒலிவ மரம்."

"அது போதும்."

விஷயத்தைச் சொன்னார். நாயிஃபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க நிலத்தை எங்களுக்கே விக்கப் போறீங்களா?"

"நிலம் ஆண்டவனுது. நாங்க அதுல குடியிருக்கிறவங்கதான். எங்க வேதம் அப்படித்தான் சொல்லுது."

"எங்க வேதமும் அதேதான் சொல்லுது. அவன் நாடினவங்களுக்குக் குடுப்பான்னு."

"இப்ராஹீமோட சந்ததிக்குக் குடுத்திருக்கான்."

"அவருக்கு ரெண்டு புள்ளைங்க ரப்பி. நாங்க மூத்தவர் வழி."

ரப்பி தலையை ஆட்டினார். இந்தப் பேச்சு எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கு மேல் போனால் வேலை நடக்காது.

அவர்கள் வழக்கப்படி, வாங்குகிறவன் தன் கைக்குட்டையை நீட்ட வேண்டும். விற்கிறவர் அதைப் பிடித்துத் தூக்கினால் விற்பனை முடிந்தது. நாயிஃப் கிரீஸ் துடைத்த கைக்குட்டையை நீட்டினான். ரப்பி முகம் சுளிக்காமல் தூக்கினார். இரண்டு சாட்சிகள், ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. மேற்கு மூலையும் அதில் அடக்கம்.

அன்று சாயங்காலம் சந்தையில் என் காய்கறிக் கடைக்கு வந்தவனை, "வாங்க பண்ணையாரே!" என்று வரவேற்றேன். எனக்கும் அது நல்ல வருடம். இந்த விற்பனையை நம்பாத பக்திமான்கள், முஸ்லிம் விளைவித்ததையே வாங்குவோம் என்று எங்கள் சந்தைக்கு வந்து குவிந்தார்கள். ரப்பியின் மனைவிகூட வியாழன்தோறும் என் கடைக்கு வந்தார். என் வெள்ளரிக்காயின் ருசி என்று நினைத்துக்கொண்டேன். மடையன் நான்.

கிழவர் சேதி கேட்டு எழுந்து உட்கார்ந்தார். "அப்ப அது நம்ம நிலமா?"

"காகிதத்துலதான் வாப்பா."

"நம்ம கையவிட்டுப் போனதும் காகிதத்துலதானேடா போச்சு? என்னை எங்க வாப்பா பக்கத்துல அடக்கு."

வேறு எதுவுமே கேட்காத மனிதர். நாயிஃப் சரி என்று சொல்லிவிட்டான்.

ஆகஸ்டில் ஒரு காலை கிழவர் மௌத்தானார். மையித்தைக் குளிப்பாட்ட ஆட்களை வைத்துவிட்டு, நானும் நாயிஃபும் குடியிருப்பு அலுவலகத்துக்கு ஓடினோம். சாயங்கால அஸர் தொழுகைக்குள் அடக்கியாக வேண்டும். ரப்பியும் இருந்தார், செயலர் அவ்னேரும் இருந்தார்.

"அது சும்மா ஒரு ஏற்பாடு நாயிஃப். உனக்கே தெரியும்" என்றார் அவ்னேர்.

நாயிஃப் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரப்பி, வித்தது நெசம்னா நான் குழி வெட்டுறேன். பொய்ன்னா, ஒரு வருஷமா உங்க ஜனங்க தின்னதெல்லாம் ஹராம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

ரப்பி அவ்னேர் பக்கம் திரும்பினார். "நெசம்தான். விடு அவ்னேர், வெட்டட்டும்."

"வேதத்துக்கு நெசம். சர்க்காருக்கு இல்ல. இன்னிக்கு ஒரு கபர்னா நாளைக்கு ஊரே திரும்பி வரும்" என்று அவ்னேர் தொலைபேசியை எடுத்தார்.

நாங்கள் ஜனாஸாவைச் சுமந்து வந்தபோது வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. ரப்பி அவர்களோடு வாதாடினார், கெஞ்சினார், காகிதத்தைக்கூட எடுத்துக் காட்டினார். இளம் அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். மையித்தை அதற்கு மேல் காக்க வைக்கக்கூடாது. ஊர் எல்லையில், சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் அடக்கினோம்.

நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். "கத்தியிருக்கணும் மாப்ள! கல்லை எடுத்திருக்கணும்!"

"கத்தினா வாப்பாவை உள்ள விட்டிருப்பானா மச்சான்?"

செப்டம்பரில் வருடம் முடிந்தது. நிலத்தைத் திரும்ப வாங்க ரப்பி தனியாக நாயிஃபின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். இந்தத் தடவை வாங்குகிறவர் அவர். சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மேசை மேல் நீட்டினார்.

நாயிஃப் அதைத் தொடவில்லை. உள்ளே போய், அன்று காலை தோப்பில் பறித்த மாதுளை ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தான். "மேக்கு மூலை மரத்துப் பழம். நெசமாவே எனக்கு வித்திருந்தா இது என் பழம், உங்களுக்குத் தடையில்ல. உடைச்சு ரெண்டு முத்து வாயில போடுங்க. நான் கைக்குட்டையைத் தூக்குறேன்."

ரப்பி பழத்தைக் கையில் எடுத்தார், உருட்டினார், திரும்ப வைத்துவிட்டார். "ஜனங்க பொழைக்கணுமேன்னு வித்தேன் நாயிஃப். நான்... இந்த வருஷம் பூரா எங்க வீட்டுல தோப்புப் பழம் தொட்டதில்ல." என்னைப் பார்த்தார். "காய்கூட இவர் கடையிலதான்."

எனக்கு வியாழக்கிழமைகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. எடை போட்டதும் நான், சிரித்துப் பேசியதும் நான்.

"அப்ப எனக்கு எதை வித்தீங்க ரப்பி?" என்று கேட்டான் நாயிஃப். "ஒண்ணுமே விக்கலன்னா, திருப்பிக் குடுக்க என்கிட்ட என்ன இருக்கு?"

ரப்பி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவ்னேர் வேறு ஊர் ரப்பி ஒருவரைப் பிடித்து, கெடு முடிந்ததால் நிலம் தானாகவே திரும்பிவிட்டது என்று ஒரு காகிதம் வாங்கிவிட்டார்.

நாயிஃப் இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறான். மூன்று பிள்ளைகள், வேறென்ன செய்வான்? காலையில் போய் மேற்கு மூலைக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், விட்டியா என்று கேட்க ஆளில்லை.