உனைசி அத்தையின் கூட்டம்

நான்காவது வீட்டிலும் உனைசி அத்தை விஷயத்தைத் தொடவில்லை. பன்றி குட்டி போட்டதா என்று கேட்டார். மூட்டு வலிக்கு என்ன தேய்க்கிறீர்கள் என்று கேட்டார். கொண்டுபோன ஈரப்பலாவை அடுப்பருகே வைத்தார். கொடுத்த தேநீரைச் சர்க்கரை இல்லாமல் குடித்துவிட்டு எழுந்தார். வாசலைத் தாண்டும்போது மட்டும், "நாளைக்கு வருவீங்கல்ல?" என்றார்.

கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடுவதற்கு முந்தைய நாளை அவர் இப்படித்தான் கழிப்பார். எல்லா உறுப்பினர் வீட்டுக்கும் போவார். எந்த வீட்டிலும் நிகழ்ச்சி நிரலைப் பற்றிப் பேசமாட்டார். யார் முகம் கொடுத்துப் பேசுகிறார், யார் தரையைப் பார்த்துப் பேசுகிறார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்.

கண்டவு தீவில் எங்கள் ஊர் வுனிடோங்கோ. சங்கத்துக்கு ஓர் ஐஸ் ஆலையும் ஒரு படகும் உண்டு. அத்தை அதன் தலைவர். ஆண்கள் போடும் ரப்பர் செருப்பு. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி ஒடிந்துபோய், அந்த இடத்தில் தூண்டில் நரம்பைக் கட்டிக் காதில் மாட்டியிருக்கிறார். கைப்பேசி ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். உறையோடு காதில் வைத்துக்கொண்டு, "உன் குரல் ஏன் சரசரங்குது?" என்று எதிர்முனையைத் திட்டுவார்.

அவர் தலைமையில் வாக்கெடுப்பு நடந்ததில்லை. தலைநகர் சுவாவிலிருந்து வந்த கூட்டுறவு அதிகாரி, இளம்பெண், போன வருடம் இதைக் கேட்டார். அத்தை சொன்னார்: "கையைத் தூக்கச் சொன்னா யார் தோத்தாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். அப்புறம் தோத்தவனோட படகுல நான் எப்படி ஏறுறது? நடுக்கடல்ல இறக்கி விட்டுட மாட்டானா?" யாராவது பாயின் நுனியைக் கிள்ள ஆரம்பித்தால் அவருக்குச் சம்மதம் இல்லை என்று அர்த்தம். அத்தை அந்த விஷயத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். புதிய படகு இயந்திரம் இப்படியே மூன்று கூட்டம் ஓரமாகக் கிடந்தது. நான்காவது கூட்டத்தில் யாரும் பாயைக் கிள்ளவில்லை.

சங்கத்தின் செயலாளர் என் அப்பா. அத்தையின் அண்ணன். வயது வந்த அண்ணனும் தங்கையும் எங்களில் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அது மரியாதை. பகை இல்லை. அதனால் அத்தை துணைத் தலைவர் நெமானியைப் பார்த்துச் சொல்வார்: "அங்க எழுதுறவர்கிட்ட சொல்லு, தேதியைத் தப்பா எழுதியிருக்கார்." அப்பா நடுத்தூணைப் பார்த்துச் சொல்வார்: "தேதி சரிதான்னு சொல்லு." நெமானி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, "நான் என்ன தபால்காரனா?" என்பார். நெமானி அத்தைக்கு மாமன் மகன். அந்த உறவில் கிண்டல் செய்யாமல் இருந்தால்தான் குற்றம்.

அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. நெஞ்சு வலி. நான் சுவாவிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அத்தை அருகே வந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அவர்கிட்ட சொல்லுடி, பாயைக் கால்வரைக்கும் இழுத்து விட்டிருக்கேன்னு."

சொன்னேன்.

துக்கத்துக்காக நாங்கள் ஒவ்வொருவரும் நூறு இரவுக்கு ஏதேனும் ஒன்றை விட வேண்டும். நான் முடி வெட்டுவதை விட்டேன். அத்தை விட்டது சர்க்கரையை. "உன் அண்ணனுக்காக நீ சர்க்கரையை விட்ட. தண்டனை எங்களுக்கு. வாயைத் திறந்தாலே கசக்குது" என்று நெமானி புலம்பினார். "உனக்காகன்னா உப்பைக்கூட விடமாட்டேன் மச்சான். நிம்மதியா செத்துப்போ" என்றார் அத்தை.

அடக்கம் முடிந்த சில வாரத்தில் ஐஸ் ஆலை நின்றது. பிடித்த மீனைப் புகை போட்டுத் தின்று தீர்த்தோம். நான் குளிர்சாதனப் பொறியாளர். திறந்து பார்த்தேன். கம்ப்ரசரில் எண்ணெய் இல்லை. உள்ளே கம்பிச் சுருள் கருகியிருந்தது. எண்ணெய் பார்க்க வேண்டியவன் இலியேசா, அத்தையின் மகன். மற்ற இரண்டு பிள்ளைகளும் நியூசிலாந்தில். தீவில் மிஞ்சியவன் இவன்தான். இந்த வேலை போனால் அவனும் பெண்டாட்டி பிள்ளையோடு கப்பல் ஏறுவான்.

கருகிய கம்பிச் சுருளை அத்தையிடம் காட்டினேன். மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"எப்ப கெட்டது?"

"அடக்கத்துக்கு அப்புறம்தான் அத்தை. அதுவரைக்கும் எண்ணெய் இருந்திருக்கு."

அத்தை அந்த மீனின் செதிலை, உரித்த இடத்திலேயே திரும்பவும் உரித்தார்.

கூட்டம் சங்கக் கூடத்தில். கடலைப் பார்த்த மேல்புறத்தில் தலைவர் உட்காருவார். அவரவர் தகுதிப்படி கீழே இறங்கி, கதவுப் பக்கம் கடைசி இடம். தப்பு செய்தவன், மன்னிப்புக் கேட்க வந்தவன், எங்களைப் போன்ற சின்னவர்கள் எல்லாம் அங்கே. இலியேசா எனக்குப் பக்கத்தில் இருந்தான். அவன் எனக்கு அத்தை மகன், பார்த்த இடத்தில், "ஏய் இன்ஜினியரம்மா, சுவாவுல எல்லாரும் உன்னை மாதிரிதான் தலை சீவாம அலையுறாங்களா?" என்பான். அன்று குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்தில் எல்லோரும் குடிக்கும் வேர்ப்பானமான யங்கோனாவைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். சுவாவிலிருந்து வந்திருந்த அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"தலைவரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்தது உங்க மகன் விஷயம். விதிப்படி நீங்க வெளிய போகணும்."

"போய்?"

"பேசி முடிச்சதும் கூப்பிடுவோம்."

"வெளிய போனா சுவத்துல காதை வெச்சுக் கேட்பேனேம்மா. தலைவர் அப்படி நின்னா நல்லாவா இருக்கும்?"

"சுவரெல்லாம் வேணாம். பக்கத்துத் தீவுல பேசுறதே அவ காதுல விழும்" என்றார் நெமானி. எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரிப்பு அடங்கும் முன்பே நெமானி, குரலைத் தாழ்த்தித் தொடர்ந்தார்.

"இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. போன செயலாளர் காலத்துலயே மெஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதிக்குவோம். அவர் பெரிய மனசுக்காரர். கோவிச்சுக்க மாட்டார். இருக்கிறவங்க யாரும் தலை குனிய வேணாம்."

"ஆமா" என்றார் ஒருவர்.

"ஆமா, ஆமா" என்றார்கள் மற்றவர்கள். யாரும் பாயைக் கிள்ளவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முந்தைய நாள் அத்தையின் ஈரப்பலாவை வாங்கிக்கொண்டவர்கள். அவருக்கு ஒரு மகனை மிச்சம் வைக்க, கூடத்தில் இல்லாத ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அத்தை பேசாமல் அண்ணன் மகள் வாய் திறக்கக் கூடாது. நான் கம்பிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"மச்சான்."

"சொல்லு."

"அடக்கத்துக்கு வந்த ஜனத்துக்கெல்லாம் மீன் போட்டோமே, அதை எந்த ஐஸ்ல வெச்சிருந்தோம்?"

யங்கோனா பிழிந்துகொண்டிருந்த கை நின்றது.

அத்தை எழுந்தார். முழுதாக நிமிரவில்லை. இடுப்பை வளைத்து, ஒவ்வொருவரையும் கடக்கும்போது "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டபடி கீழே இறங்கி வந்தார்.

"தலைவரம்மா, எங்க போறீங்க?" என்றார் அதிகாரி.

"வெளிய போகச் சொன்னீங்களேம்மா. என்னால இவ்வளவு தூரம்தான் போக முடியும்."

எனக்கும் இலியேசாவுக்கும் நடுவில் இடம் செய்துகொண்டு உட்கார்ந்தார். மேல்புறத்துப் பாய் காலியாகக் கிடந்தது. நெமானி அந்தப் பாயைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். தலைவருக்கான முதல் சிரட்டை யங்கோனாவைத் தானே எடுத்துக்கொண்டு, கூடம் முழுக்க நடந்து கதவருகே வந்து மண்டியிட்டு நீட்டினார்.

"வாங்கிக்க. நீதான் தலைவர்."

அத்தை வாங்கவில்லை.

வளர்ந்தவர் தலையை எங்களில் யாரும் தொடுவதில்லை. அத்தை வலது கையை மகனின் பிடரியில் வைத்தார். நெற்றி பாயில் படும்வரை அழுத்தினார். கையை எடுக்காமலே, தன் தலையையும் அதன் பக்கத்தில் இறக்கினார்.