எலாஸ்டிக் கடித்த பல்

டாக்டரம்மா அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததை இடுக்கியால் எடுத்து அச்சின் மேல் வைத்தார். பொட்டுக்கடலை அளவுதான் இருக்கும். நிஜப் பல்லின் மேடும் பள்ளமும் அதில் அப்படியே இருந்தன. அதன் கீழே இருந்த அச்சு, என் சகலையின் இடது கடைவாய்ப் பல்லின் நகல். வைத்த பிறகு எது பல், எது புதிதாகச் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அத்தனை பொருத்தம். நாற்காலியில் சாய்ந்து கிடந்த சகலை தலையைத் திருப்பி அதை ஒரு முறை பார்த்தார், பிறகு மேலே பார்த்துக்கொண்டார். அந்த மாதிரி நேரங்களில் எதையாவது உளறி வைப்பவன் என்று குடும்பத்தில் எனக்கு நிரந்தரப் பெயர் உண்டு. அன்று நான் அந்தக் காலி டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அச்சில் இருந்த பல் முழுசாக இருந்தது. அவர் வாயில் இருந்ததோ முந்தின நாள் இரண்டாகப் பிளந்துவிட்டது.

சகலை என் மனைவியின் அக்கா கணவர். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு ஜட்டி கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. அவர் இடுப்புக்கு எலாஸ்டிக் வைத்துத் தைக்கும் டெய்லர், நான் செக்கிங். அதாவது, ஊராருக்குப் போகவேண்டிய ஜட்டிகளை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து ஓட்டை தேடுவது என் உத்தியோகம். எனக்குப் பெண் பார்த்தபோது 'எக்ஸ்போர்ட்டுல குவாலிட்டி பாக்கறாப்டிங்க' என்று பெண் வீட்டில் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றியவர் அவர்தான். கல்யாணத்துக்குப் பிறகுதான் என் மாமனாருக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் சாப்பாடு முடிந்துவிட்டது.

சாப்பாடு என்றால் அது சகலையின் துறை. எங்கள் பக்கத்துக் கறி விருந்துகளில் அவர் பக்கத்தில் உட்காரப் போட்டி நடக்கும். கறியை எல்லோரும் தின்பார்கள், எலும்பை அவர்தான் தின்பார். நல்லி எலும்பின் ஓரத்தைக் கடைவாயில் கொடுத்து நொறுக்கி, மஜ்ஜையை உறிஞ்சி, இலை ஓரத்தில் வெண்மையாக அவர் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு நாய்கள் அடுத்த இலைக்குப் போய்விடும் என்று நான் சொல்வேன். அவர் சிரித்து, 'உங்க இலைக்குத்தான் வருமுங்க சகலை, நீங்க பாதிக் கறிய அப்படியே உட்டிருக்கறீங்க' என்பார். மற்ற நாட்களில் வாய் திறந்து பேசாத மனிதர். பந்தியில்தான் அவருக்குச் சொந்தபந்தம் என்று ஒன்று இருந்தது.

அந்தப் பற்களைத் தின்றது எலும்பு இல்லை, எலாஸ்டிக். ஒரு கை துணியை ஊசிக்குத் தள்ளும், மறு கை எலாஸ்டிக்கை இழுத்துப் பிடிக்கும். முடிவில் வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தால் துணியை விட வேண்டும். பல் என்றால் குனிந்தால் போதும். கடைவாயில் கொடுத்து ஒரு இழு, தலையை ஒரு வெட்டு, அடுத்த பீஸ். எங்கள் லைனில் பலரும் அப்படித்தான். பல் வலித்தால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிடுங்கிக்கொண்டு, திங்கட்கிழமை பஞ்சை அடக்கியபடி மிஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். சகலைக்கும் வலது பக்கம் இப்படியே காலியானது. இடது பக்கத்திலும் இடைவெளிகள். கடைசியில், மேலும் கீழும் ஒன்றோடொன்று முட்டி அரைக்கிற பல் ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சியது. அதில் கீழ்ப்பல்லின் ஓரம் ஒருநாள் பெயர்ந்து விழுந்தது.

பிடுங்குவதற்காகத்தான் போனோம். துணைக்கு நான். தட்டில் ஊசியைப் பார்த்ததுமே மயக்கம் வந்து சுவரைப் பிடித்தவன் நான். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகே டாக்டரம்மாவால் சகலையின் வாயைப் பார்க்க முடிந்தது. பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னார்: 'இதையும் புடுங்கீட்டா எதுல மெல்லுவீங்ணா? சும்மா அடைச்சா நிக்காது. கேப் போடறதுன்னா நல்லா இருக்கற பக்கத்தையும் ராவோணும். ஒடஞ்ச மேல்பாகத்துக்கு மட்டும் அளவெடுத்து, வெளிய செஞ்சு வாங்கி ஒட்டீரலாமுங்க. ஆன்லேன்னு சொல்லுவோம்.'

சகலை நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தார். 'அப்ப பீஸ ரிஜெக்ட் பண்ணல, ஆல்ட்ரேஷனுக்குப் போடறீங்க' என்றார். பிடுங்கவேண்டாம் என்று அவரிடம் யாரோ சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கெட்டுப்போனதைச் சுரண்டி, பள்ளத்தைச் சீராக்கி, ரப்பர் போல இறுகும் பசையில் அளவெடுத்து, மேலே தற்காலிகமாக ஒரு பூச்சு பூசி அனுப்பினார்கள். கோயம்புத்தூரிலிருந்து செய்து வர ஒரு வாரம் ஆகும், அதுவரை அந்தப் பக்கம் எதையும் கடிக்கக் கூடாது, இப்போது பல்லின் சுவர்கள் தனியாக நிற்கின்றன என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். படியிறங்கும்போது சகலை, 'ஆடி நோம்பிக்கு ஊட்டுல கெடா வெட்டறாங்களாமுங்க' என்று மட்டும் சொன்னார். நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் பண்டிகை.

அந்த வாரம் முழுக்க அவர் கழுத்தில் ஒரு கத்தரிக்கோல் தொங்கியது. எலாஸ்டிக் துண்டிலேயே கயிறு செய்து கட்டியிருந்தார். பக்கத்து மிஷினில் தைக்கும் திருநெல்வேலிக்கார அம்மா விடவில்லை. 'என்ன அண்ணாச்சி, கத்தரியத் தாலி கணக்கா கட்டிருக்கிய, மதினிக்குத் தெரியுமா?' என்று லைனையே சிரிக்கவைத்தார். சகலை தலையைக் குனிந்தபடி, 'அவதானுங்க முடிச்சுப் போட்டு உட்டா' என்றார். அது உண்மை. காலையில் அக்கா கையால் மாட்டிவிட்டுத்தான் அனுப்புவார். சோற்றையும் குழைத்தே கொடுத்துவிட்டார். ஒரு பல்லைக் காப்பாற்ற ஒரு குடும்பமே இறங்கி வேலை செய்தது. நானும் என் பங்குக்கு அவர் பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கித் தின்று உதவினேன்.

பல் வருவதற்கு முந்தின நாள் மதியம் லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. ஷிப்மெண்ட் நாளில் எங்கள் கம்பெனியில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் அவர் மேஜையோரம் பீஸ் எடுக்க நின்றிருந்தேன். கத்தரிக்கோல் கழுத்திலேயே இருந்தது. அவர் அதை மறக்கக்கூட இல்லை. அவர் தலை தானாகக் குனிந்தது, வாய் தானாகத் திறந்தது. அத்தனை வருஷம் பழகிய கழுத்து, ஒரு வாரத்துப் புத்திமதிக்குக் காத்திருக்கவில்லை. டக் என்று ஒரு சத்தம். மிஷின் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. எலாஸ்டிக் சுத்தமாக அறுந்திருந்தது. அவர் மிஷினை நிறுத்தினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்த பீஸை என்னிடம் நீட்டினார். நானும் பழக்கத்தில் அதை வாங்கி, விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன்.

பிளவு ஈறுக்குக் கீழே, வேர் வரை போயிருந்தது. அச்சின் மேல் அத்தனை பாந்தமாக உட்கார்ந்ததை வாயில் உட்காரவைக்க இடமில்லை. 'மன்னிச்சுக்கங்ணா, இனி எடுக்கறதத் தவிர வழியில்ல' என்றார் டாக்டரம்மா. தவறு ஏதோ தன்னுடையது போலச் சொன்னார். சகலை தலையசைத்தார். இந்த முறை ஊசி போடும்போது நான் மயங்கவில்லை. அவர் கையைப் பிடித்திருந்தேன்.

சகலை கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று செய்து போட்டுப் பார்த்தார். உறுத்துகிறது என்று டம்ளர் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். ஆடி நோம்பிக்குக் கிடா வெட்டியபோது வந்தார், பந்தியில் உட்காரவில்லை. பரிமாறுகிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டார். பிறகு விருந்துகளுக்கு வருவதும் நின்றது. அக்கா கறியை எலும்பிலிருந்து பிய்த்து, நாராக உதிர்த்து, சோற்றோடு பிசைந்து கிண்ணத்தில் தருவார். அதை அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் நான் போய் எதிரில் உட்கார்ந்து, எனக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள் என்று கேட்டு வேடிக்கை காட்டினேன். 'நீங்க எலும்பு தின்னுங்க சகலை, பல்லு இருக்கைலயே தின்னுக்கோணும்' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பெரிய டாக்டர் சொன்னார்.

வருஷம் திரும்பிய அன்று படையல். அவர் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். கறிச்சட்டியோடு அக்கா இலை முன் உட்கார்ந்தார். நல்லி எலும்பு ஒன்றைக் கையில் எடுத்தார். எடுத்தவர், அதிலிருந்து கறியைப் பிய்க்க ஆரம்பித்தார். பிய்த்து, நாராக உதிர்த்து, சோற்றில் போட்டுப் பிசைந்தார். சுற்றி நின்ற சொந்தம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான்தான் குனிந்து சொன்னேன்: 'எலும்போட வைங்கக்கா. அங்க போய்ச் சகலைக்கு எல்லாப் பல்லும் மொளச்சிருக்கும்.'

அக்கா நிமிரவில்லை. விரல்கள் நிற்கவும் இல்லை.

'உங்களுக்குத் தெரியாதுங்க தம்பி,' என்றார், 'தொண்டைல சிக்கிக்கும்.'