டாஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் கிராமபோன்

போன சனிக்கிழமை என் காரின் டாஷ்போர்டில் ஒரு கிராமபோன் உட்கார்ந்திருந்தது.

பிளாஸ்டிக் கிராமபோன். உள்ளங்கை அளவு, தங்க நிற ஸ்பிரே, அடியில் மட்டும் கனமாக ஒரு கட்டை. பாடாது. சுற்றாது. பழையது மாதிரி தெரிவது மட்டும்தான் அதற்கு வேலை.

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. இந்த வாரம் வேறு எதைப் பற்றியும் எழுத வராது... பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்பாசடரை இந்தப் பத்தியில் முன்பே சந்தித்திருக்கிறீர்கள். மார்க் டூ. என்னைவிட இளையது, என்னைவிட நன்றாக மேடு ஏறும். குன்னூரில் தெரிந்தவர் வீட்டில் கல்யாணம் என்றால் பெண்ணை சர்ச்சுக்கு அழைத்துப்போக அதைத்தான் கேட்பார்கள். கொடுப்பேன். ஆனால் நான்தான் ஓட்டுவேன்.

அந்தக் காரில் ஒரு குறை உண்டு. மூடுபனியில் நாலு பேர் உள்ளே உட்கார்ந்து மூச்சு விட்டால் போதும், முன் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடும். இன்றைய கார்களில் ஒரு பட்டனைத் தட்டுகிறார்கள். இதில் பட்டன் கிடையாது, துணிதான். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துணி. மலைப் பாதையில் எத்தனை வருடம் அப்படி ஓட்டுவது?

கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் சின்ன ஃபேன் ஒன்று கிடைத்தது. பஸ் டிரைவர் முகத்துக்கு நேரே சுழலுமே, அது. கண்ணாடியைப் பார்த்துத் திருப்பி வைத்தால் ஈரம் படியாது. சரி, அதை எதில் மாட்டுவது?

ஊட்டியில் கார் சாமான் கடைக்காரரிடம் கேட்டேன். கேட்டு முடிக்கும் முன் டிரில்லிங் மெஷினோடு வந்துவிட்டார்.

“நாலே ஓட்டைங்க சார். நச்சுன்னு நின்னுக்கும்.”

இத்தனை வருடத்தில் ஒரு ஓட்டைகூட வாங்காத டாஷ்போர்டு. அதன் நெற்றியில் நாலு ஓட்டையா? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஃபேனைத் தாங்கும் மவுன்ட்டை நானே செய்தேன். ஒரு பழைய பங்களாவை இடித்தபோது வாங்கி வைத்த பித்தளைப் பட்டை ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரு காலத்தில் மாடிப்படிக் கம்பளம் நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்த பட்டை. அதைச் சூடு காட்டி வளைத்தேன். டாஷ்போர்டுக்குக் கீழே சாமான் வைக்கும் தட்டு இருக்கிறதல்லவா, அதன் விளிம்பைக் கவ்விக்கொண்டு மேலே எழும்பி நிற்கிற மாதிரி. பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க நடுவே தோல். என் பழைய ஷூவின் நாக்குதான். இறுக்குவதற்கு விரலால் திருகும் விங் நட் இரண்டு. ஓட்டையே வேண்டாம்.

ஆனால் தேய்த்துக் கழுவிய பித்தளை பளபளவென்று கண்ணைக் குத்தியது. பழைய காரில் அது ஒட்டவே இல்லை. வேகவைத்த முட்டையை உடைத்து, பித்தளையோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தால் மெல்லக் கறுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வைத்தேன். நாற்றம் வீடு முழுக்க.

“பித்தளைக்கு முட்டை குடுக்கற மனுசனை இப்பத்தான் பாக்கறேன்” என்றாள் என் மனைவி மெர்சி. “இனி எங்கிட்ட முட்டை கேக்காதீங்க.”

புது இரும்புத் திருகுகளின் மினுமினுப்பைப் போக்க அவற்றைக் கடும் தேயிலைச் சாற்றில் ஊறப்போட்டேன். கன்னங்கரேல் என்று ஆகிவிட்டன. தேயிலைக்கு இங்கே பஞ்சமா என்ன?

எல்லாம் மாட்டி முடித்ததும் நண்பர் ஆரோக்கியசாமி பார்க்க வந்தார். எஸ்டேட் ஆபீசில் வேலை. ஃபேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது கம்பெனிலயே வெச்சு வந்ததுங்களா?” என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவையில்லை.

அவர் மகள் ஜெனிஃபருக்குத்தான் போன சனிக்கிழமை கல்யாணம். கோயம்புத்தூரில் நர்ஸ். சர்ச் ஊட்டியில். பெண்ணை அழைத்துப்போக என் கார்.

காலையில் குன்னூரில் கல்யாண வீட்டில் காரை நிறுத்திவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். அதுதான் நான் செய்த தவறு. திரும்பி வந்தால் ஃபேனைக் காணோம். மவுன்ட்டும் இல்லை. அந்த இடத்தில் கிராமபோன். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டு ஒட்டியிருந்தது.

பக்கத்தில் ஈவென்ட் மேனேஜர். கோட்டு, கூலிங் கிளாஸ்.

“டோன்ட் மைண்டுங்க சார். அந்த ஃபேன் ஷாட்ல வந்துச்சு. இன்னிக்கி தீம் ரெட்ரோங்க. அதான் கழட்டி கேமரா வேன்ல போட்டுட்டோம். வேன் ஊட்டிக்குப் போயிருச்சுங்க.”

“அந்த ஃபேன்தாங்க பழசு” என்றேன்.

“அது அழுக்கா இருக்குங்க சார். இது பாருங்க, பக்கா விண்டேஜ்.”

அழுக்காம். முட்டை வைத்துக் கறுக்க வைத்த பித்தளை அவருக்கு அழுக்கு. போன மாதம் ஏதோ ஃபேக்டரியில் அச்சில் ஊற்றி எடுத்த பிளாஸ்டிக் அவருக்கு விண்டேஜ். எனக்குக் காது சூடாகிவிட்டது. சீட்டுக்கு அடியில் பார்த்தேன். துடைக்கும் துணியும் இல்லை. மழை வந்தால் வெளிக்கண்ணாடியில் தேய்க்க வைத்திருக்கும் பாதி உருளைக்கிழங்கும் இல்லை. குப்பை என்று நினைத்து எறிந்துவிட்டாராம்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, பூசைக்கு நேரமாச்சுங்க. ஊட்டில போய்ப் பேசிக்கலாமுங்க.”

பெண்ணைப் பெற்றவர் கெஞ்சும்போது என்ன செய்வது? ஏறினேன். மேனேஜர் ஜன்னல் வழியாகக் குனிந்து, “கண்ணாடிய எறக்கிடாதீங்க சார், மேக்கப் போயிரும்” என்று சொல்லிவிட்டுத் தன் காரில் முன்னால் போனார். அவர் காரில் பட்டன் இருக்கிறது.

வழியில் கேத்தி வரை வெயில். அதைத் தாண்டியதும் மூடுபனி வந்து விழுந்தது. முன்னால் நானும் ஆரோக்கியசாமியும், பின்னால் பெண்ணும் இரண்டு அத்தைகளும். அத்தனை பேர் மூச்சும் கண்ணாடியில்தான். உள்ளங்கையால் துடைத்தேன். துடைத்த இடம் உடனே வெளுத்தது. ஜன்னலை இறக்கச் சொல்லிக் கத்தினேன்.

அதற்குள் ஒரு வளைவு. எதிரே ஹாரன். பஸ்ஸா லாரியா தெரியவில்லை, மஞ்சளாக இரண்டு வெளிச்சம். நான் இடப்பக்கம் ஒடிக்க, ஈரத்தில் டேப் விட்டுப்போய் கிராமபோன் சரிந்து என் காலடியில் விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். பாதிதான் இறங்கியது. பெடலுக்கு அடியில் கிராமபோனின் கட்டை.

பயந்துவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து... வண்டி தடுப்புச் சுவரைத் தொடாத குறையாக நின்றது. எதிரே வந்தது காய்கறி லாரி. உரசாமல் போய்விட்டது.

ஆரோக்கியசாமி குனிந்து பெடலுக்கு அடியிலிருந்து அந்தச் சனியனை இழுத்து எடுத்தார். எடுத்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரே மகள்.

பின் கதவு திறந்தது. ஜெனிஃபர் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கி முன்பக்கம் வந்தாள்.

“அப்பா, நகந்துக்குங்க. அங்கிள், நீங்க ஓட்டுங்க. நான் தொடைக்கறேன்.”

“எதுலம்மா?”

தலையில் கல்யாண முக்காடாகப் போட்டிருந்த நெட்டைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள். இரண்டு அத்தைகளும் ஒரே குரலில் “ஐயோ, நெட்டு” என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை. பெஞ்சு மாதிரி நீளமான முன் சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து ஊட்டி வரை துடைத்துக்கொண்டே வந்தாள். நெட் மெல்லிசு, தண்ணீர் உறிஞ்சாது. அதனால் கை ஓயாமல் துடைக்க வேண்டியிருந்தது. நான் இத்தனை பேரை அந்தக் காரில் ஏற்றியிருக்கிறேன், இப்படி ஒரு துணையோடு ஓட்டியதில்லை.

சர்ச் வாசலில் மேனேஜர் ஓடி வந்தார். முதலில் அவர் பார்த்தது நெட்டை. ஓரமெல்லாம் கறுப்பு.

“மேடம், நீங்க ஏன் முன்னாடி உக்காந்தீங்க? என்ட்ரி ஷாட் போச்சு. பரவால்ல, பின்னாடி ஏறி ஒரு ரவுண்டு வந்து எறங்குங்க. டூ மினிட்ஸ்.”

பார்த்தீர்களா? பிழைத்து வந்தீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. பழைய கார் வேண்டும், பழைய பாட்டு வேண்டும், பழைய சாயல் வேண்டும். ஆனால் பழைய காரில் ஒரு சாமான் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. படத்தில் இடிக்கிறதா, கழற்று. நான் அவரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று இறங்கினேன்.

ஜெனிஃபர் முந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவே இல்லை. ஊசி போடும் முன் நோயாளியிடம் பேசுகிற குரல்.

“ஏர்றேனுங்க. அங்கிளோட ஃபேனை எங்க இருந்து கழட்டுனீங்களோ, அங்கயே மாட்டுங்க. மாட்டுனதும் ஏர்றேன்.”

“மேடம், பூசைக்கு டைம்...”

“அப்ப ஷாட் வேண்டாமுங்க. பூசை முடிஞ்சு நாங்க திரும்பிப் போறதுக்குள்ள மாட்டி வைங்க.”

அழுக்கு நெட்டை அப்படியே தலையில் குத்திக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்தாள். உள்ளே போய்விட்டாள்.

பூசை முடிந்து வந்து பார்த்தால், மேனேஜர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கார் கதவைத் திறந்து வைத்து மண்டியிட்டிருந்தார். ஃபேன் நின்றது. சுழன்றது. ஆனால் விரலால் திருக வேண்டிய விங் நட்டை அந்த மனிதர் கட்டிங் பிளேயரால் திருகியிருக்கிறார். என் பித்தளையில் நீளமாக இரண்டு கீறல், பளபளவென்று.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் மெர்சியிடம் கொட்டினேன். லாரி, பெடல், நெட், கீறல்... எல்லாம். கேட்டு முடித்தவள் எழுந்து போய் அடுப்பில் முட்டை வைத்தாள். இரண்டு.

ஒன்று மவுன்ட்டுக்கு. இன்னொன்று எனக்காம்.