புன்னக்காயலுக்கு ஒரு பதில் கொண்டுபோனேன்

1998 டிசம்பரில் நான் புன்னக்காயலுக்குப் போனது கடல் பார்க்க அல்ல. ஒரு மனிதரிடம் ‘முடியாது’ என்று நேரில் சொல்ல.

அப்போது சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. தட்டில் வளர்த்த செல்களோடு மரபணுவையும், கண்ணுக்குத் தெரியாத வாயுக் குமிழிகளையும் கலப்போம். வயிற்றை ஸ்கேன் செய்வார்களே, அந்த மாதிரி அல்ட்ராசவுண்ட் அலையைப் பாய்ச்சுவோம். குமிழிகள் அதிர்ந்து வெடிக்கும்; செல்லின் தோலில் நொடிநேரம் துளை விழும்; மரபணு உள்ளே போகும். அதுவும் ஏதோ சில செல்களில்தான். மூளைக்கும் என்றாவது இப்படி அனுப்பலாம் என்று எங்கள் தலைவர் ஒரு பத்திரிகைக்காரரிடம் சொல்லியிருந்தார். ‘என்றாவது’ அச்சில் வரவில்லை.

அதைப் படித்த சவேரியார் என்ற மீனவர் கடிதம் எழுதியிருந்தார். மனைவி மரியபுஷ்பத்துக்குப் பரம்பரை மூளை நோய். எந்தத் தேதியில் கூட்டிவரட்டும்? தலைவர் இரண்டு வரி எழுதிப் போடச் சொன்னார். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பிறகு ரயில் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ள என் அறையில் யாரும் இல்லை.

காலை 7.40க்குத் திருநெல்வேலி. 8.30க்கு பஸ். ஆத்தூர் வரை எட்டு ரூபாய். “புன்னக்காயலுக்கு ஆத்தூர்ல எறங்கி மாறணும் வே. அங்கன நிக்கிற வண்டி பையத்தான் கெளம்பும்” என்றார் நடத்துநர். அன்று என்னோடு பேசிய முதல் ஆள் அவர். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வழியெல்லாம் வாழை. ஆத்தூரில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, சுமார் ஐம்பது கிலோமீட்டரைக் கடந்து, 11.30க்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறேன் என்றதும் சவேரியார் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மரியபுஷ்பம் சுவரைப் பிடித்து எழுந்தார். தலை மொட்டையாக இருந்தது.

“மண்டையில கருவி வைக்கணும்னா முடி இருக்கப்படாதுல்லா சார்? அதான் முன்னாடியே எடுத்துட்டோம்” என்றார் சவேரியார்.

ரயிலில் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் உதவவில்லை. நாங்கள் இன்னும் ஓர் எலிக்குக்கூட இதைச் செய்ததில்லை, மண்டை ஓடு அலையைத் தடுத்துவிடும், உங்களுக்குத் தர எங்களிடம் எதுவுமில்லை என்று சொன்னேன். சவேரியார் தலையாட்டினார். கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

மரியபுஷ்பம் குழறிக் குழறிப் பேசினார். “எனக்குத் தெரியும் தம்பி. அவுகதான் ரெண்டு மாசமா நல்லா சாப்பிட்டு, நல்லா ஒறங்குனாக. அதக் கெடுக்க மனசு வரல.” பிறகு கேட்டார்: “எம்மவ ஒம்பதாப்பு படிக்கா. அவளுக்கும் வந்தா, அப்பமாவது இது இருக்குமா?”

“இருக்கலாம். சத்தியம் பண்ண முடியாது.”

“பண்ணாதிய. போயி வேலையப் பாருங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “சோறு வடிச்சிருக்கேன், இருங்க” என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி இரண்டு மணி வண்டியில் ஏறிவிட்டேன். நாலரைக்கு இன்னொன்று இருந்தது. ரயில் எட்டு மணிக்குத்தான். திருநெல்வேலி நடைமேடையில் மூன்றரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். பசித்தும் எதுவும் வாங்கவில்லை.

அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கு மறுபடி எழுதத் துணியவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: மேலே சொன்ன நேரமும் கட்டணமும் பழையவை, விசாரித்துக்கொள்ளுங்கள். ஆத்தூரிலேயே தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை என்னைப்போல ஒரு பதிலைச் சொல்லப் போகிறீர்கள் என்றால், கடைசி வண்டியில் திரும்புங்கள். சாப்பிடச் சொன்னால் உட்காருங்கள்.