சைலன்சரில் கட்டிய நூல்

கரண்ட் போனால் தெருவில் எல்லோர் வாயிலும் வசவு வரும். துரைப்பாண்டி ஒருவன்தான் திருப்புளியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக எழுந்திருப்பான்.

சங்கரன்கோவிலில் அவனுடைய மோட்டார் சைக்கிள் கொட்டகைக்கு இந்தப் பக்கமும் தறிக்கூடம், அந்தப் பக்கமும் தறிக்கூடம். விசைத்தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேச்சே காதில் விழாது. இன்ஜின் இருமுவது எங்கே விழும்? அதனால் கழற்றுவது, கழுவுவது, பூட்டுவது எல்லாம் அந்தச் சத்தத்தில் நடக்கும். கார்புரேட்டர் டியூனிங்கை மட்டும் கரண்ட் போகிற நேரத்துக்கு வைத்துக்கொள்வான்.

அவன் பெண்டாட்டி தங்கத்தாய்க்கு இது நேர்மாறு. அவள் பக்கத்துக் கூடத்தில் ஒருத்தியாய் இரண்டு தறி பார்த்தாள். கரண்ட் நின்றால் தறி நின்றது, தறி நின்றால் கூலி நின்றது.

"நான் கரண்டு வேணும்னு கும்பிடுதேன், இவரு வேண்டாம்னு கும்பிடுதாரு. கோமதியம்மன் யாரு பேச்சத்தான் கேப்பா?" என்பாள்.

கல்யாணமான புதிதில் துரைப்பாண்டி லாரி வேலைக்குப் போனான். போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. மூத்தவள் பிறந்தபோது நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது பிள்ளை தவழ்ந்தது. அப்பன் முகத்தைக் கண்டு வீறிட்டு அழுதது. லாரி வேலையை விட்டால்தான் இந்த வீட்டில் உலை கொதிக்கும் என்று சொல்லி, சொன்னபடியே அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்தாள் தங்கத்தாய். அந்தப் பிடிவாதத்தில் வந்ததுதான் கொட்டகை.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடியில், வாசுதேவநல்லூர் நாறும்பூநாதன் தன் அப்பா ஓட்டிய வண்டியைக் கொண்டுவந்து விட்டார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். ரெட்டைச் சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர், இரண்டு சைலன்சர். இரண்டும் ஒத்து அடித்தால் வண்டி தேர் மாதிரி போகும். ஒன்று இழுத்து ஒன்று படுத்தால் நொண்டும். அது நொண்டியது.

மலையில் நல்ல மழை. அணை நிறைந்து கிடந்ததால் கரண்ட் போகவே இல்லை; தறி ராப்பகலாக ஓடியது. குளத்தங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தான்; ஆடிக்காற்று காதில் அறைந்தது. நாறும்பூநாதனுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னவே, இது ஒம்மால ஆகுமா ஆகாதா? சாயங்காலம் வாரேன். ஆகலேன்னா மதுரைக்கு ஏத்திருதேன்."

மதியக் கஞ்சியோடு தங்கத்தாய் வந்தபோது அவன் திருப்புளியை வீசிவிட்டு உட்கார்ந்திருந்தான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினான்:

"ஊரு சிரிக்கதுக்கு முன்ன கொட்டகையப் பூட்டிட்டு லாரிக்கே போறேன்ட்டி!"

அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"இப்பம் என்ன கொள்ள போயிட்டு?"

"எந்தப் பக்கம் மிஸ்ஸாகுதுன்னு காதுல விழுந்தாத்தான ஸ்குருவத் திருக!"

"நாங்க காத வச்சா தறி ஓட்டுதோம்? எங்க கூடத்துல செவிடிகூட தறி பாக்கா. கண்ணு எதுக்கு இருக்கு?"

இடுப்பில் செருகியிருந்த, தறியில் அறுந்த நூலிழைகளில் இரண்டை உருவினாள். சைலன்சர் வாய்க்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டாள்.

"கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு?"

"வண்டிய ஒதைங்க."

உதைத்தான். புகை வந்த வேகத்தில் வலது நூல் விடாமல் துடித்தது. இடது நூல் எழுந்தது, விழுந்தது, யோசித்தது, மறுபடி எழுந்தது. துரைப்பாண்டி திருப்புளியைத் தேடி எடுத்தான். இடது கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகினான்.

"கூடிட்டு! கொஞ்சம் கொறைங்க" என்றாள்.

இதற்குள் கூடத்து மேஸ்திரி வாசலில் வந்து நின்று கத்தினார்: "ஏட்டி தங்கத்தாயி, ஒந் தறி ரெண்டும் நிக்கி!"

"நிக்கட்டும்!"

கரண்ட் இருந்தும் அவள் தறி நின்றது அன்றைக்குத்தான். வலதைக் கொஞ்சம் இறக்கி, இடதைக் கொஞ்சம் ஏற்றி, கஞ்சி ஆறிப்போன பிறகு இரண்டு நூலும் ஒன்றுபோல் துடித்தன.

பின்னாளில் இது துரைப்பாண்டி கண்டுபிடித்த வித்தை என்று சிலர் பேசினார்கள். பேசட்டும். நூல் வந்தது தங்கத்தாய் இடுப்பிலிருந்து.

சாயங்காலம் நாறும்பூநாதன் வண்டியைக் கரிவலம் ரோட்டில் விரட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஓடுதுவே! அது சரி, சைலன்சருக்கு என்ன காப்புக் கட்டியிருக்கீரு?"

துரைப்பாண்டி நூலை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ராத்திரி சாப்பிடும்போது சொன்னான்:

"இனிமே கரண்டு இருந்தா என்ன, போனா என்னட்டி."

"போனா எனக்குக் கூலி போகும். நாளையிலேருந்து நீங்களும் கரண்டு இருக்கட்டும்னே கும்பிடுங்க" என்று சொல்லி, இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.