அண்ணன் முகத்துக்குத் திறந்த போன்

அந்தப் போன் வழுக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பலகையில் வைத்தால் பலகையிலிருந்தும், மடியில் வைத்தால் மடியிலிருந்தும் தானாகவே நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய்விடும். எங்கள் அப்பா அரிவாள் தீட்ட ஒரு கல் வைத்திருந்தார். வருடக்கணக்காகத் தீட்டித் தீட்டி, கடைசியில் கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு அது இளைத்துப் போயிருந்தது. மகள் இந்தப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தபோது எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வந்தது. தேய்ந்துபோன பொருளைப் புதிது என்று விற்கிறார்களே என்று நினைத்தேன்.

மகள் நாமக்கல்லில் கோழித் தீவனக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஆன்லைனில் வாங்கிய போன். எப்படி இருக்கிறது என்று நாலு வரி எழுதி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போடச் சொல்லி விற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். "நீங்கதானப்பா வச்சிருக்கறீங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றாள். எனக்கு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடம் எங்கள் பக்கம் மலையேறி வந்தபோது நான் மாடு மேய்க்கும் வயதைத் தாண்டி மிளகுக்கு மரம் ஏறும் வயதுக்கு வந்திருந்தேன். ஆகவே நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகப் பேச்சாக மாற்றுவது அவள் பாடு. நாலு வரியில் முடியாது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நல்லதைச் சொல்கிறேன். சட்டைப் பையில் போட்டால் கனமே இல்லை. உச்சி வெயிலிலும் எழுத்தும் படமும் பளிச்சென்று தெரிகின்றன. டார்ச் லைட் நல்ல வெளிச்சம். எங்கள் ஊர் மலை மடிப்புக்குள் இருப்பதால் டவரைத் தேடித் தேடியே பாதி சார்ஜ் தீர்ந்துபோகிறது. அதற்குப் போனைக் குறை சொல்லக்கூடாது. படம் எடுத்தால் மட்டும் ஒரு சேட்டை செய்கிறது. என் முகத்துச் சுருக்கத்தையெல்லாம் தானாகவே தேய்த்து எடுத்துவிட்டுப் பெண் பார்க்கப் போகிறவனைப் போலக் காட்டுகிறது. யாரும் கேட்காமல் செய்கிற வேலை. ரொம்ப மலிவும் இல்லை, ரொம்ப விலையும் இல்லை, நடுவாந்தரப் போன் என்றாள் மகள். இருக்கட்டும்.

பூட்டுப் போட வேண்டும் என்று அவள் என் விரலை வைக்கச் சொன்னாள். வைத்தேன், ரேகை விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். மிளகுச் சரத்தை உருவி உருவி, மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தோண்டி, என் விரலில் ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை. மலையில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் முன்னால் நின்று, விரலைத் துண்டில் தேய்ப்பதும் வைப்பதுமாகப் பாதி நாள் போய்விடும். "அப்போ மொகந்தான் வெக்கணும்" என்று மகள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதற்குப் பிறகு போனைத் தூக்கிப் பார்த்தால் போதும், பூட்டு விட்டுவிடும். திறந்ததும் தெரிவதற்கு என்ன படம் வைக்கட்டும் என்று கேட்டாள். என் அம்மாவுக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. முதியோர் பணத்துக்கு எழுதிப்போடுவதற்காகச் சேந்தமங்கலத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பூச்சி அரித்திருந்த கன்னத்தைச் சரிசெய்து அதையே வைத்துக் கொடுத்தாள். போனைத் தூக்கினால் அம்மா வந்து நிற்பாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது. மலைக்கு ரோடு வராத காலத்தில் அவள் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு நடந்தே இறங்குவாள். போன அன்றைக்கே திரும்ப முடியாது. மற்றப் பெண்களோடு மிளகு வியாபாரியின் கொட்டகையில் தங்கிவிட்டு மறுநாள் ஏறி வருவாள். அப்பாவும் அண்ணனும் கறுப்பு, குட்டை. நான் சிவப்பாகப் பிறந்து நெட்டையாக வளர்ந்தேன். ஊர் பேசுவதற்கு இது போதாதா? எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே திரிந்துகொண்டிருந்த அந்தப் பேச்சை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தவர் என் அண்ணன்.

ஏழு வயது மூத்தவர். மழைக்காலத்தில் என் காலில் அட்டை ஏறினால் சுண்ணாம்பு வைத்து எடுத்து, ரத்தம் நிற்கும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பலாப்பழம் வெட்டினால் முதல் சுளை எனக்கு. அப்பா செத்து, காட்டைப் பங்கு பிரிக்கக் கோயில் முன்னால் ஊர் கூடியபோது, அதே அண்ணன் எழுந்து நின்று சொன்னார்: "இவன் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்லீங்க. சந்தையில பொறந்தவன். இவனுக்குக் காட்டுல பங்கு கெடையாது."

அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். பஞ்சாயத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர் அவளைப் பார்த்து, "ஏம்மா, கற்பூரத்த அணைக்கறயா?" என்றார். எங்களிடம் அப்படி ஒரு முறை உண்டு. சாமி முன்னால் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் அதைப் பேசினவனுக்கு ஊரில் யாரும் நெருப்பு கொடுக்க மாட்டார்கள், தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். அம்மா எழுந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகினாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்கம்மா எவனுக்கும் சத்தியம் பண்ணத் தேவையில்ல. காட்ட நீயே வச்சுக்க" என்று அண்ணனைப் பார்த்துக் கத்திவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு வெளியேறினேன்.

பள்ளத்தில் இறங்கும்போது அவள் ஒருமுறை கேட்டாள். "நான் அணைச்சிருப்பனே சாமி. எதுக்குக் கண்ணு இழுத்துக்கிட்டு வந்த?" "உன்ன அங்க நிக்க வெச்சு வேடிக்க பாக்கச் சொல்றயா?" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. கற்பூரத்தை அணைக்காமல் போனவள் என்ற பேரோடு, மேட்டுக்கு அந்தப் பக்கம் மாமன் கொடுத்த துண்டுக் காட்டில் என்னோடு இருந்து செத்துப்போனாள். நான் செய்ததை நான் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். அம்மாவின் மானத்துக்காகக் காட்டையே உதறியவன் என்று மகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அண்ணனும் நானும் அன்றைக்கு நிறுத்திய பேச்சு நின்றதுதான். அவர் பஸ்ஸில் முன்பக்கம் ஏறினால் நான் பின்பக்கம் ஏறுவேன். கல்யாணத்தில் அவர் பந்தியில் உட்கார்ந்தால் நான் அடுத்த பந்தி. ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்து ஆயுசே ஆகிவிட்டது.

போன மாதம் ரேஷனுக்கு அரிசி வருவது தாமதமாகிவிட்டதால் அண்ணன் ஊருக்கும் என் ஊருக்கும் ஒரே நாளில் போட்டார்கள். அண்ணன் கடை வாசல் கல்பலகையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். நான் பார்க்காத மாதிரி வரிசையில் நின்றேன். கடையில் எடை போடும் பெண் மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்துபோகிறவள். புதுசு, எங்கள் கதை தெரியாது. மெஷினில் என் விரல் எடுக்கவில்லை என்றதும், போனுக்கு வரும் நம்பரைக் கேட்டாள். நான் முகத்தைக் காட்டித் திறந்து கொடுத்தேன். "பரவால்லீங்களே, மொகம் பாத்தே தொறக்குதே!" என்று சிரித்து, நம்பரைப் பார்த்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். நான் அதைக் கல்பலகையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பையை விரித்துப் பிடித்தேன்.

போன் தன் வேலையைக் காட்டியது. இருண்டுபோய், மெல்ல மெல்ல நகர்ந்து, பலகையின் அந்தக் கோடிக்கே போய்ச் சரிந்தது. விழுகிற பொருளைப் பிடிக்கும்போது கைக்குப் பகை தெரிவதில்லை. அண்ணன் பிடித்துவிட்டார். என்ன இது என்று முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். பூட்டு விட்டது. அம்மா வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அட, ஏனுங்க! அவுரு மொகத்துக்கும் தொறந்துக்குச்சே!" என்றாள் அந்தப் பெண். "கூடப் பொறந்தவீங்களா?"

கடைக்குள் தராசுத் தட்டு ஆடும் சத்தம் கேட்டது. எனக்குக் கையிலிருந்த பை நழுவி அரிசி காலில் கொட்டியது, கொட்டுகிறது என்றும் தெரியவில்லை. அண்ணன் போனைப் பலகையில் வைத்தார். அது மறுபடி நகரப்போவதைப் பார்த்து, ஒரு விரலால் உள்ளே தள்ளி வைத்தார். அரிசி வாங்காமலேயே எழுந்து போய்விட்டார்.

மேடேறி, டவர் கிடைக்கும் பாறையில் நின்று மகளைக் கூப்பிட்டேன். "அது நடுவாந்தரப் போனுங்கப்பா" என்றாள். "வெலை கூடுனதுல மொகத்த ஆழமா அளந்து பாக்கும். இது வெறும் படமாத்தான் பாக்குது. சாடை ஒண்ணா இருந்தா ஏமாந்துரும். கொறைதான். நம்பர் பூட்டு மாத்திக்கலாம்."

"அப்ப யாருக்கு வேணாலும் தொறக்குமா?"

"அப்படி இல்லீங்கப்பா. அண்ணந்தம்பி, அப்பம்மகன்னு இருந்தா…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் டீக்கடையில் இருந்த அத்தனை பேர் முகத்துக்கும் போனைக் காட்டினேன். தாடிக்காரன், மொட்டைத்தலை, டீ மாஸ்டர், பஸ்ஸுக்குக் காத்திருந்த வாத்தியார், யாருக்கும் திறக்கவில்லை. "ஓட்டுப் போடற மெஷினாட்டம் எல்லாத்துகிட்டயும் நீட்டறயே, யாருக்கு உளுந்துச்சு?" என்று கேலி செய்தார்கள். என் கூட்டாளி ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. "பல்லுப் போன நாள்ல இருந்து நீயும் உங்கண்ணனும் ஒரே அச்சுதான்டா, அப்படியே உங்கப்பன் மொகம். வெய்யில்ல உன் செவப்பும் போச்சு, கூன் உளுந்து ஒசரமும் போச்சு. நீயின்னு நெனச்சு அவனையும், அவன்னு நெனச்சு உன்னையும் நானே கூப்புட்டிருக்கறேன்" என்றான்.

"ஏன்டா சொல்லல?"

"யாரு சொல்றது? ரெண்டு பேருமே அருவாள எடுக்கறவனுக."

ஒன்பதாம் நாள் விடிகாலையில் பனி விலகுவதற்குள் அண்ணன் என் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "அந்தப் போனக் கொண்டா" என்றார். கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார், திறந்தது. அணைத்துத் தரச் சொன்னார். மறுபடி தூக்கினார், மறுபடி திறந்தது. மூன்றாம் தடவை திறக்கவில்லை. மாட்டேன் என்பது போல் கையிலேயே ஒரு உதறல் உதறியது.

"இப்ப மட்டும் ஏன்டா தொறக்க மாட்டேங்குது?"

"மொகத்தத் தொடச்சுக்கங்க அண்ணா" என்றேன். "அழுதா அதுக்கு அடையாளந் தெரிய மாட்டேங்குதாட்ட இருக்குது."

துண்டால் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னது பாவம். கட்டையில போனாலும் அது தீராது. ஆனா ஒண்ணு கேக்கறேன்டா. அம்மா எந்திரிச்சுது. முந்தானையச் சொருவிக்கிட்டுக் கற்பூரத்துக்கிட்டப் போச்சு. நீ எதுக்கு அத இழுத்துக்கிட்டுப் போன? அது அணைச்சிருந்தா நான் அங்கயே கால்ல உளுந்திருப்பனே."

பழைய பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அன்றைக்கு அரிசி காலில் கொட்டியது ஞாபகம் வந்துவிட்டது.

ரேஷன் கடையில் நான் ஏன் அப்படித் திடுக்கிட்டேன்? அண்ணன் முகத்துக்குப் போன் திறந்தால், கூடப்பிறந்தவர்தானே, திறக்காமல் என்ன என்று சிரித்திருக்க வேண்டியவன் நான். அம்மா சொன்னதை நம்பியிருந்தால் அதில் அதிர்ச்சிக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. பங்கு பிரித்த அன்றைக்குக் கற்பூரத்துக்கு அருகே போய் அவள் கை நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தவன் நான். அந்தப் பயத்துக்குத்தான் இத்தனை காலம் மானம் என்று பேர் வைத்திருந்தேன். அண்ணன் ஊர் முன்னால் வாயால் சொன்னதை, நான் அதே ஊர் முன்னால் அவள் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு தடவை சொன்னார். அவள் சாகும்வரை பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இதைச் சொன்னபோது மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "நட்சத்திரம் எத்தனைங்கப்பா போடறது?" என்று கேட்டாள். உனக்குத் தோன்றுவதைப் போடு என்றேன். முகப் பூட்டை மாற்றட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அண்ணன் பஸ்ஸுக்குப் போகிற வழியில் இப்போது என் வாசலில் நிற்கிறார். போனை வாங்கி, தூக்கி, அம்மாவைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். பேச்சு அதிகம் இல்லை. கொடுக்கும்போது வழுக்கிவிடாமல் இரண்டு கையாலும் கொடுக்கிறார்.

இன்னொரு குறையும் உண்டு, எழுதிக்கொள் என்று மகளிடம் சொன்னேன். இப்போதெல்லாம் சில காலைகளில் போன் என் முகத்துக்கே திறப்பதில்லை. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி காட்ட வேண்டியிருக்கிறது.